தரை அதிர்ந்தால்தான் பாட்டா?

மிக்ஸி வாங்குவதென்றால் நாலு வீட்டில் விசாரிக்கிறோம். குக்கர் வாங்கினால் கேஸ்கட் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கிறோம். பட்டுப்புடவை எடுக்கப் போனால் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுகிறோம். ஆனால் பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர் என்று ஏதாவது வீட்டுக்குள் வருகிறதென்றால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுகிறோம். நாள் முழுக்க அந்தச் சப்தத்துக்கு நடுவில் இருக்கப்போவது யார்? நாம்தானே!

சப்வூஃபர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்ன ஸ்டூல் மாதிரி சதுரமாக இருக்கும். மேலே ஒரு பூந்தொட்டி வைத்தால் அழகாக இருக்குமே என்றுதான் முதலில் தோன்றும். (வைக்காதீர்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் தொட்டி நடந்து வந்து விளிம்பில் நிற்கும்.) பாட்டிலும் சினிமாவிலும் வரும் மிகக் கீழான சப்தங்களை, 'பேஸ்' என்கிறார்களே, அதை மட்டும் எடுத்துக் கொடுப்பதற்கென்றே உள்ள ஸ்பீக்கர் இது. விலை பத்துப் பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டியும் போகிறது.

என் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் சேர்ந்து பார்த்து வைத்திருந்தது 72,000 ரூபாய்ப் பெட்டி. சீட்டு எடுத்த பணம் 1,10,000 ரூபாய் கையில் இருந்தது. அதே பணத்தில் என் மாமியாருக்குக் காதுக்கருவி வாங்க வேண்டும் என்ற பேச்சும் ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

"வாங்கறதே ஒரு தடவை. நல்லதா வாங்கிடலாம்மா" என்றான் மகன்.

"எனக்கெதுக்கு இந்த வயசுல காதுக்கருவி? பிள்ளை ஆசைப்படுறான், வாங்கிக் குடுங்க" என்றார் அத்தை. பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

ஒரே வார்த்தையில் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். விஷயம் தெரியாமல் சொல்லும் 'வேண்டாம்' வெறும் சண்டையில்தான் முடியும். அதனால் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். படித்தேன், கடை கடையாக ஏறி இறங்கினேன், தையல் டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விசிறிக் கணக்கு

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான். எண் குறையக் குறைய சுருதி இறங்கும். சப்வூஃபரின் ராஜ்யம் இதில் அடிமட்டம். 20-லிருந்து 80, மிஞ்சிப்போனால் 120 வரை.

இத்தனூண்டு ராஜ்யத்துக்கு ஏன் இவ்வளவு விலை? கையில் ஒரு அட்டையை எடுத்து வேகமாக வீசினால் காற்று வரும். மெதுவாக வீசி அதே காற்று வேண்டுமென்றால் பெரிய பனையோலை விசிறியாக இருக்க வேண்டும், கையையும் அகல வீச வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கூம்பும் அப்படித்தான். சப்தத்தின் அளவு குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால் அது நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80-லிருந்து 40-க்கு இறங்க நாலு மடங்கு. 40-லிருந்து 20-க்கு இன்னொரு நாலு மடங்கு, ஆக 16. அதற்குப் பெரிய கூம்பு, கனமான காந்தம், வலுவான ஆம்ப்ளிஃபையர், தானே அதிராத கெட்டியான பெட்டி எல்லாம் வேண்டும். விலை ஏறுவது இங்கேதான்.

ஆகவே விலை உயர்ந்த சப்வூஃபர் வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசி ஸ்தாயி நிஜமாகவே கஷ்டமான ஸ்தாயி. ஆனால் அது நம் வீட்டுக்கு எத்தனை தடவை வந்து போகிறது? அதைக் கணக்குப் பார்க்காமல் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது இல்லையா?

பால் கணக்கு நோட்டு

பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு வாரம் எழுதி வந்தேன். காலையில் சுப்ரபாதம், எட்டு மணி வரை எஃப்.எம்., மத்தியானம் அத்தையின் சீரியல், சாயங்காலம் மகனின் பாட்டு, இரவு செய்தி, ராத்திரி அவர் போடும் பழைய பாட்டு, சில நாள் ஒரு கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை சினிமா.

இதில் எதெது எவ்வளவு கீழே போகிறது? ஆண் பாடகர் ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் அவருடைய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். பின்னால் மீட்டும் தம்புராவின் கடைசித் தந்தி, கீழ் ஷட்ஜம், சுமார் 65. பெண்கள் பாடும் கச்சேரியில் தம்புராவே இதற்கு மேலேதான் நிற்கும். நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் சப்வூஃபரின் வாசற்படியை மிதிப்பதே இல்லை. மிருதங்கத்தின் இடந்தலை மட்டும் எட்டிப் பார்க்கும். தொப்பி என்று சொல்லும் அந்தப் பக்கத்தில், வாசிப்பதற்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்களே, கவனித்திருக்கிறீர்களா? தோலில் பாரம் ஏறினால் சுருதி இறங்கும். கச்சேரியில் 'கும்' என்று கேட்பதில் நம் உப்புமா ரவைக்கும் ஒரு பங்கு உண்டு! (மிருதங்கத்தின் வலந்தலையை சி.வி. ராமன் ஆராய்ந்து 1920-லேயே எழுதியிருக்கிறார். கறுப்பாக இருக்கும் அந்தச் சாதம்தான் தோல் வாத்தியத்துக்குத் தந்தி வாத்தியம் மாதிரி சுஸ்வரம் தருகிறது என்பது அதன் சாரம். வெளிநாட்டு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.)

சினிமாப் பாட்டில் பேஸ் கிதார் வரும். அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அடியில் தனியாக ஒரு ராகம் ஓடுகிறது என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். 'ரோஜா' வந்த 1992-க்குப் பிறகு வந்த பாட்டுகளில் கம்ப்யூட்டர் வாத்தியங்கள் இன்னும் கீழே இறங்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டில் அவ்வளவு கீழான சப்தம் பதிவாகவே இல்லை. பதிவாகாததை 72,000 ரூபாய்ப் பெட்டியாலும் கொடுக்க முடியாது.

இன்னொரு வேடிக்கை. சின்ன டிரான்சிஸ்டரில் மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு 65 ஹெர்ட்ஸெல்லாம் எட்டவே எட்டாது. ஆனாலும் நமக்குக் கீழ்ச் சுருதி கேட்ட மாதிரிதான் இருந்தது. ஏனென்றால் எந்த நாதத்தோடும் அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று மேல் நாதங்கள் சேர்ந்தே வரும். அவை கேட்டால் போதும், அடியில் விட்டுப்போனதை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். உடம்பில் உறைக்கிற அந்த அதிர்வு கிடைக்காதே தவிர, பாட்டின் ராகம், சுருதி ஒன்றும் குறைவதில்லை.

சினிமா விஷயம் வேறு. 1974-ல் அமெரிக்காவில் 'எர்த்குவேக்' என்ற படத்துக்காகத் தியேட்டர்களில் 'சென்சரவுண்ட்' என்று பிரத்தியேகமாகப் பெரிய பெரிய பேஸ் ஸ்பீக்கர்களை இறக்கி, பூகம்பக் காட்சியில் நாற்காலியை நடுங்க வைத்தார்கள். 1992-ல் டால்பி டிஜிட்டல் வந்தபோது இந்த அதிர்வுக்கென்றே தனி வழி ஒன்று ஒதுக்கப்பட்டது. '5.1' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதில் அந்தப் புள்ளி ஒன்று இதுதான். வெடி, இடி, யானை நடை எல்லாம் அந்த வழியாக வரும். சப்வூஃபர் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி நம் வீட்டுக்கு வருவதில்லை.

என் நோட்டுக் கணக்குப்படி, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஏதாவது வந்தது இரண்டு வாரத்தில் இரண்டே தடவை. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை சினிமா.

அண்டாத் தண்ணீர்

கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பேஸ் எப்படிக் கேட்கும் என்பதைப் பெட்டியைவிட ஹால்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

அண்டாவில் முக்கால்வாசி தண்ணீரை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு கட்டத்தில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி எழும்பும். ஓரத்தில் துள்ளும் தண்ணீர் நடுவில் மட்டத்தைவிட்டு ஏறாமல் இறங்காமல் இருக்கும். அறைக்குள் காற்றும் இதே வேலையைச் செய்கிறது. எங்கள் ஹால் 14 அடிக்கு 10 அடி. 14 அடி நீளத்துக்கு இந்தத் தளும்பல் வருவது சுமார் 40 ஹெர்ட்ஸில். 10 அடி அகலத்துக்கு 56-ல். கணக்கு சுலபம்தான். 565-ஐ உங்கள் ஹாலின் அடி நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வருவதுதான் உங்கள் ஹாலின் தளும்பல் எண்.

விளைவு என்ன? அந்தச் சுருதி பாட்டில் வரும்போது சுவர் ஓரம் உட்கார்ந்தவருக்கு மண்டையில் இடிக்கும். ஹாலின் நடுவில் உட்கார்ந்தவருக்கு, 'பேஸே வரலையே!' என்று இருக்கும். ஒரே பெட்டி, ஒரே பாட்டு! திரைச்சீலை, மெத்தை, தலையணை ஒன்றும் இதற்கு உதவாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 28 அடி. அதைத் துணி போட்டுத் தடுப்பது வெள்ளத்துக்கு முறத்தை அணை கட்டுகிற மாதிரி.

பெரிய பெட்டி வாங்கினால் இந்தக் குறை தீராது, சப்தம்தான் கூடும். எதிர்ப்பார்வையாக இரண்டு சுவர்களின் நடுவில் இரண்டு சப்வூஃபர் வைத்தால் பல இருக்கைகளிலும் சமமாகக் கேட்கும் என்று ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி 2002-ல் ஆராய்ந்து காட்டினார். பெரிய பெட்டி ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். 10-க்கு 14 ஹாலில் சோபா, டி.வி. மேஜை, தையல் மிஷின், குழந்தையின் வாக்கர் எல்லாம் போக இரண்டு பெட்டிக்கு இடம் ஏது என்பது வேறு கதை.

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். ஹாலை ஒட்டிய அறையில் என் நாலு மாதப் பேத்தி தொட்டிலில் தூங்குவாள். இரண்டு பேரையும் நான் கணக்கில் சேர்த்தேன்.

பேச்சுச் சப்தத்தைக் கதவைச் சாத்தினால் குறைத்துவிடலாம். பேஸ் கதவைப் பொருட்படுத்தாது. காங்கிரீட் தளத்தின் வழியாகவே இறங்கிக் கீழ் வீட்டுக் கட்டில்வரை போகும். அங்கே பாட்டு கேட்காது; 'டும்... டும்...' மட்டும் கேட்கும். பாட்டாவது கேட்டால் சகித்துக்கொள்ளலாம்!

நம் நாட்டில் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இதை அளக்கும் முறை, காதுக்கு ஏற்றபடி கீழ்ச் சப்தங்களைத் தள்ளுபடி செய்துதான் கணக்கிடும். 40 ஹெர்ட்ஸ் சப்தத்தைச் சுமார் 35 டெசிபல் குறைத்தே காட்டும். ஆகவே மகன் செல்போனில் அளந்து, "பாருங்கம்மா, கம்மியாதான் காட்டுது" என்றால் மயங்காதீர்கள். கீழ் வீட்டுக்காரரிடம் போய் அவர் படுக்கையறையில் ஐந்து நிமிஷம் நின்று கேளுங்கள். நான் நின்றேன். கடைக்காரர் ஒரு சாயங்காலம் சோதனைக்காக அனுப்பிய பெட்டியை மகன் மேலே ஓட்டினான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாவம். ஆனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் அவருக்குப் பதிலாகப் பேசின.

இன்னொன்று. சப்தத்தைக் குறைத்து வைத்தால் காது பேஸை மற்றதைவிட அதிகமாகவே இழந்துவிடும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லௌட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வந்தது அது. எங்களைப் போல எப்போதும் அடக்கி வைத்துக் கேட்கும் வீட்டில் ஒரு சப்வூஃபர் இருந்தால் பாட்டு கொஞ்சம் நிறைவாக இருக்கும் என்பது வாஸ்தவம். அதை ஒரு நடுத்தரப் பெட்டியே செய்துவிடும். 72,000 ரூபாய்ப் பெட்டியில் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு, பலமாக வைத்தாலும் கரகரக்காமல் ஆழத்தில் முழங்கும் திறமைக்குத்தான். பலமாக வைக்கவே போவதில்லை என்றால்? எட்டு பேர் சாப்பிடும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குகிற மாதிரி.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இயர்போன் முதலிய கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வரையறையில், பெரியவர்களுக்கு 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் 40 மணி நேரம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கலாம் என்ற நேரம் பாதியாகிவிடும். ஸ்பீக்கருக்கும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. கைக்குழந்தையை ஸ்பீக்கருக்கு முன்னால் பாய் விரித்துப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அத்தையின் காது

"சத்தம் நல்லாக் கேக்குதும்மா. வார்த்தைதான் புரியலை" என்பார் அத்தை. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள். வயதாகும்போது காது முதலில் கைவிடுவது மேல் சுருதிகளை. 'அ', 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும். 'ச', 'ஸ', 'த', 'ப' என்று வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுகிற மெல்லிய சப்தங்கள் மேலேதான் இருக்கின்றன. அவை நழுவிப் போகும். பசி, பதி, பணி எல்லாம் ஒன்றாகிவிடும்.

இப்படிப்பட்ட காதுக்கு முன்னால் பேஸைக் கூட்டினால் என்ன ஆகும்? கீழான சப்தம் மேலான சப்தத்தை எளிதில் மூடி மறைக்கும். அவருக்குச் சீரியல் வசனம் இன்னும் புரியாமல் போகும். சப்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டினால் பேஸும் கூடும். கீழ் வீட்டு டம்ளர் ஆடும்.

அத்தையைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வழக்கமான பரிசோதனையில் 250-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறார்கள். பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. சப்வூஃபரின் ராஜ்யம் அந்தத் தாளிலேயே இல்லை! வரைபடத்தில் கோடு இடது பக்கம் நேராக வந்து, வலது பக்கம் படிக்கட்டு மாதிரி சரிந்திருந்தது. அதை மகனிடம் காட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ பாட்டிக்கு நான் பேசுறதே பாதிதான் கேக்குதா?" என்று கேட்டான்.

முதலில் காதுக்கருவி வாங்கினோம். மிஞ்சிய பணத்துக்குள் என்ன வரும் என்று பார்த்ததில் 10 அங்குலக் கூம்புள்ள சப்வூஃபர் ஒன்று 19,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. எங்கள் ஹாலுக்கு அது தாராளம்.

யார் பெரியதை வாங்கலாம்? தனி வீடு, 20 அடிக்கு மேல் நீளமான ஹால், வாரத்தில் மூன்று நாலு சினிமா, கீழேயும் பக்கத்திலும் யாரும் இல்லை, மற்ற ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே நல்லவை, பணமும் வேறு காரியத்துக்கு ஒதுக்கியது இல்லை... இப்படி இருந்தால் தாராளமாக வாங்கட்டும். ஆசையும் ஒரு காரணம்தான். நாம் வைர மூக்குத்தி ஆசைப்படுவதில்லையா? ஆனால் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் என்றால் முதலில் அதை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பாடகரின் குரல் வருவது அதிலிருந்துதான்.

கடைக்குப் போனால்

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அதற்கு ஒரு திட்டமான அளவு கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' வாட் எவ்வளவு, எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது, வீட்டுக்கு அனுப்பிச் சோதிக்க விடுவார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். எங்களுக்கு ஒரு கடையில் ஹெலிகாப்டர் வெடிக்கும் காட்சியையே மூன்று தடவை போட்டுக் காட்டினார்கள். "எங்க வீட்டுல ஹெலிகாப்டர் வராதுங்க, நான் கொண்டுவந்த பாட்டைப் போடுங்க" என்றேன். அந்தப் பையன் சிரித்துவிட்டுப் போட்டான்.

பாட்டு ஓடும்போதே சப்வூஃபரை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதும், 'அடடா, ஏதோ குறைகிறதே' என்று தோன்றினால் அது சரியாக வேலை செய்கிறது. ஓடும்போதே 'இதோ சப்வூஃபர்' என்று தனியாகத் தெரிந்தால் அளவு ஜாஸ்தி. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. இருக்க வேண்டும், பல்லில் அகப்படக் கூடாது.

எங்கே வைப்பது?

இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவிலேயே சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் நன்றாக வரும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, வீட்டில் ஒருவர் தரையோடு தலையைத் தாழ்த்திச் சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டே வரட்டும். எந்த இடத்தில் பேஸ் இடிக்காமலும் தேயாமலும் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிடலாம். சோபாவுக்குத் திரும்பினால் அதே சீர் இங்கே கேட்கும். எங்கள் வீட்டில் இவர் தவழ்ந்து வந்ததைப் பார்த்து அத்தை, "என்னடா, திருகாணி விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

மூலையில் வைத்தால் சப்தம் அதிகம் வரும், இடிப்பும் அதிகம். பின்னால் 'கிராஸ்ஓவர்' என்று ஒரு குமிழ் இருக்கும். 80-ல் வைத்து ஆரம்பியுங்கள். அதற்குக் கீழே உள்ள சப்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஆகவே பெட்டி டி.வி.க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 'ஃபேஸ்' என்ற பொத்தானை 0, 180 என்று மாற்றிப் பார்த்து எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். கடைசியாகச் செய்தி போடுங்கள். செய்தி வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தால் சப்தக் குமிழைக் குறையுங்கள். எதுவும் போடாமலே பெட்டி 'ம்ம்ம்' என்று முனகினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை; எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் வாட் உச்சக்கட்ட அளவு. வீட்டில் ஓட்டும் சப்தத்துக்கு அதில் சிறு பங்குதான் செலவாகும்.

பெட்டிக்குக் கீழே தடிமனான ரப்பர் விரிப்புப் போட்டால் தரைக்கு இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும். அடியோடு நிற்காது. கீழ் வீட்டுச் சகோதரியிடம் அவருடைய டியூட்டி நாட்களைக் கேட்டு வாங்கிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். வட்டம் போட்ட நாள் பகலில் சப்வூஃபர் ஸ்விட்ச் அணைந்தே இருக்கும்.

சில பெட்டிகளில் காற்று போய் வர உள்ளங்கை அளவுக்கு ஒரு துளை இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்தத் துளை சுவரைப் பார்த்து இருக்கும்படி, ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். துணியைத் திணித்து அடைத்துவிடாதீர்கள். பேஸின் சுபாவமே மாறிவிடும். வாரம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எங்கள் பெட்டியிலிருந்து இதுவரை எடுத்தது ஒரு கிலுகிலுப்பை, இரண்டு கிளிப், பாதி கடித்த ரஸ்க் ஒன்று. ரஸ்க் பேத்தியுடையது இல்லை. அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.